பலகையில் ஏறாத அட்டை

அலுவலகத்தில் எல்லாரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் அப்படிக் கூப்பிட்டது அவளுடைய கொழுந்தன். அவர் வாயிலிருந்து அது கணக்குப் பார்க்கும் பெண்ணுக்குத் தொற்றி, அச்சகக்காரருக்குத் தொற்றி, கடைசியில் வாடிக்கையாளர்கள்கூட போனில் "அண்ணி இருக்காங்களா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். தன் தகப்பன் வயதிருக்கும் மெத்தைக் கடைக்காரர் முதல்முறை அப்படிக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அது ஒரு பதவி போலப் பழகிவிட்டது.

அது சின்ன விளம்பர நிறுவனம். பெரியவர் என்று எல்லாரும் சொல்லும் அவள் கணவர் படம் வரைவார், வடிவமைப்பார். அவர் தம்பி சின்னவர் வாசகம் எழுதுவார். வேலையைப் பிடித்து வருவதும், வாடிக்கையாளருக்குத் தேதி சொல்வதும், அந்தத் தேதி தவறும்போது போனை எடுத்துச் சமாளிப்பதும் அண்ணி. எந்த வேலை யார் கையில் இருக்கிறது, எது அச்சுக்குப் போயிருக்கிறது, எது இன்னும் பெரியவரின் தலைக்குள்ளேயே சுற்றுகிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வீட்டில் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "அந்தப் பள்ளிக்கூடத்து வேலை என்னாச்சு?" என்று கேட்பாள். உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தத்தோடு பதில் வரும்.

"ஆச்சு."

ஆகியிருக்காது. போய்ப் பார்த்தால் வெள்ளைத் திரையில் ஒரு கோடு இருக்கும். அவள் கத்துவாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக வரையத் தொடங்குவார். வேலை நன்றாகவே வரும், ஆனால் தாமதமாக வரும். செருப்புக் கடைக்காரருக்குச் செய்த தள்ளுபடி விளம்பரம், தள்ளுபடி முடிந்து கடை கழுவிவிட்ட பிறகு போய்ச் சேர்ந்தது. அந்த மனிதர் அதைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "படம் பிரமாதம். வந்த நாளைத்தான் கேக்காதீங்க" என்பார்.

அந்தச் சட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மாமா பொண்ணு ஊருக்கு வந்திருக்கா. கட்டடக் கம்பெனியில இதே வேலைதான் பார்த்தா. யார் வேலை யாருக்காகக் காத்திருக்கு, எங்க நிக்குதுன்னு பார்த்து நகர்த்துற வேலை. கொஞ்ச நாள் நம்மகூட இருந்து ஒழுங்குபண்ணிக் குடுக்கட்டுமே."

அண்ணி மறுக்கவில்லை. மறுக்க என்ன காரணம் சொல்வது? கல்யாணத்துக்கு முன்னால் அவரையும் மாமா மகளையும் சேர்த்து இரண்டு வீட்டிலும் பேச்சு இருந்ததும், அது எப்படியோ நின்றுபோனதும் எல்லாருக்கும் தெரிந்த பழைய கதை. இப்போது அதை எடுத்தால் சின்னவர் சிரிப்பார். மாமியார் மட்டும் எப்போதாவது, "அவளும் இன்னும் கல்யாணம் பண்ணிக்காமதான் இருக்கா" என்று யாரிடமும் சொல்லாமல் சுவரிடம் சொல்வாள்.

மாமா மகள் வந்த அன்றே நடு அறைச் சுவரில் ஒரு பெரிய வெள்ளைப் பலகையை மாட்டச் செய்தாள். அதில் நான்கு பத்திகள் போட்டாள்: தொடங்கவில்லை, கையில் இருக்கிறது, சிக்கியிருக்கிறது, முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. கணினியிலும் இதே பலகை இருந்தது. ஆனாலும் சுவரில் இருப்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் என்றாள். எல்லாரையும் அதன் முன்னால் உட்காரவைத்தாள்.

"சின்னத்தான், நீங்க சொல்லுங்க. பள்ளிக்கூடத்துக் கையேடு எங்க இருக்கு?"

"அது ஆச்சு" என்றார் சின்னவர்.

"எழுதி முடிச்சுட்டீங்களா?"

"தலைப்பு கிடைச்சிருச்சு. தலைப்பு கிடைச்சா மீதி தானா வந்துடும்."

"வந்துருச்சா?"

"வரும்."

அவள் அந்த அட்டையைத் 'தொடங்கவில்லை' பத்தியில் ஒட்டினாள். பிறகு மற்றவர்களைக் கேட்டாள். எல்லாரும் 'ஆச்சு' என்றுதான் சொன்னார்கள். கணக்குப் பெண்ணுக்கு ஆச்சு என்றால் கடிதத்தை அடித்தாகிவிட்டது, அனுப்பவில்லை என்று பொருள். போனில் வந்த அச்சகக்காரருக்கு ஆச்சு என்றால் தாள் வந்து இறங்கிவிட்டது என்று பொருள். பெரியவர் வெட்கத்தோடு, "மனசுக்குள்ள வந்துருச்சு" என்றார்.

"நல்ல வேளை, வீடு கட்டுறவங்க யாரும் உங்ககூட இல்ல" என்றாள் மாமா மகள். "மனசுக்குள்ள கூரை போட்டுட்டு ஜனங்களைக் குடியேத்தியிருப்பீங்க. இனிமே இந்த ஆபீஸ்ல ஆச்சுங்கிற வார்த்தைக்கு லீவு."

"அப்ப உன்னை யாராவது கல்யாணம் ஆச்சான்னு கேட்டா என்ன சொல்வே?" என்றார் சின்னவர்.

"சிக்கியிருக்குன்னு சொல்வேன்."

அறை முழுக்கச் சிரித்தது. பெரியவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அண்ணியும் சிரித்தாள், ஆனால் அவள் கண் கணவரின் முகத்தில்தான் இருந்தது. அவர் இப்படிச் சிரித்துக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

ஆளுக்கொரு நிறத்தில் அட்டை கொடுத்தபோது மாமா மகள் மஞ்சள் அட்டைக் கட்டைப் பெரியவரிடம் நீட்டினாள். "அத்தானுக்கு மஞ்சள்தானே பிடிக்கும்." அவர் சின்னப் பையன் மாதிரி வாங்கிக்கொண்டார். அண்ணி இத்தனை வருஷமாக அவருக்குச் சாம்பல் நிறச் சட்டைதான் வாங்கிக்கொண்டிருந்தாள். அவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களுக்கு என்ன நிறம்?"

"எனக்கு எதுக்கு? நான் வேலை செய்யறவ இல்ல, வேலை வாங்கறவ."

"வேலை உங்ககிட்டயிருந்துதானே தொடங்குது அக்கா" என்றாள் அவள் இயல்பாக. அண்ணி காதில் விழாதது போலப் போனை எடுத்துக்கொண்டாள்.

பலகை வேலை செய்தது. அதுதான் அண்ணிக்குத் தாங்கவில்லை. அது தோற்றிருந்தால் மாமா மகளுக்கு ஒரு பரிசு கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பியிருப்பாள். பள்ளிக்கூடத்துக் கையேடு சொன்ன தேதிக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. தலைமையாசிரியை நம்பாமல் இரண்டு முறை போன் செய்து, "இது நம்ம கையேடுதானா?" என்று கேட்டாள். ஒரு வேலை எங்கே நிற்கிறது என்று யாரும் யாரையும் தேடவேண்டியிருக்கவில்லை. சின்னவர் எழுதாததால் பெரியவர் காத்திருக்கிறார் என்பது பலகையைப் பார்த்தாலே தெரிந்தது. முன்பெல்லாம் தன் முறை வரவில்லை என்று அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். அவர் சோம்பேறி என்று அண்ணி கத்துவாள்.

அண்ணியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை இப்போது. காலையில் அவள் உள்ளே வந்ததும் சூழ்ந்துகொள்ளும் ஆட்கள் பலகைக்குப் போய் நின்றார்கள். அவளுடைய மனப்பாடத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

ஒருநாள் பிற்பகல் அவள் பெரியவரின் அறைக்குக் கையெழுத்து வாங்கப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மாமா மகள் சன்னலோரம் நின்றிருந்தாள். பெரியவர் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், பால் கம்பெனி அட்டை நகரவே இல்லையே. எங்க சிக்குது?"

"இன்னும் தொடங்கவே இல்ல" என்றார் பெரியவர். "நாலஞ்சு தடவை உட்கார்ந்தேன். எதை வரைஞ்சாலும் யாரோ வரைஞ்ச மாதிரியே இருக்கு. எப்படித் தொடங்கறதுன்னே தெரியல."

"சரி. அப்ப சிக்கியிருக்குன்னு போட்டுடறேன். சின்னத்தானை முதல்ல வாசகம் எழுதச் சொல்லலாமா? அதைப் படிச்சா ஏதாவது தோணலாம்."

"தோணலாம்."

அவ்வளவுதான் பேச்சு. கையைத் தொடவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. அண்ணி கதவைத் தட்டாமல் திரும்பி வந்துவிட்டாள். இருவரும் தோளில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தால்கூட அவள் உள்ளே போய் ஒரு கை பார்த்திருப்பாள். "எப்படித் தொடங்கறதுன்னே தெரியல" என்று அந்த மனிதர் ஒருநாளாவது அவளிடம் சொன்னதுண்டா? சாப்பிடும்போது, காரில் போகும்போது, ஒரே போர்வைக்குள் கிடக்கும்போது? அவளுக்குக் கிடைத்ததெல்லாம் 'ஆச்சு' என்ற அந்த ஒற்றை வார்த்தை. உண்மையெல்லாம் அங்கே சன்னலோரத்துக்குப் போய்விட்டது.

அன்று முதல் அவளுக்கு எல்லாமே கண்ணில் குத்தியது. மாமா மகளின் காபிக் கோப்பை பெரியவரின் மேசையில் இருந்தால் குத்தியது. இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போகக்கூட உள்ளே வந்திருக்கிறாளே என்று குத்தியது. "அத்தான்" என்ற சொல்லை அவள் எவ்வளவு நேரம் இழுக்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்டாள். நேர்மையாகச் சொன்னால் அவள் இழுக்கவே இல்லை. அதுவும் கோபத்தைத்தான் கிளப்பியது.

இந்த நிலையில்தான் மெத்தைக் கடைக்காரர் அவளுடைய கைபேசிக்குக் கூப்பிட்டார்.

அவருடைய புதிய கடை திறப்புக்கான மொத்த வேலையும் இவர்களிடம்தான் இருந்தது. பெயர்ப் பலகை, சுவரொட்டி, பத்திரிகை விளம்பரம் எல்லாம். இது ஒழுங்காக நடந்தால் இனிமேல் வருஷம் முழுக்க அவருடைய எல்லாக் கடைகளின் வேலையும் இவர்களுக்கே என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவருடைய சின்னம் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு தலையணை. அவரும் அவர் மச்சானும் சேர்ந்து தொடங்கிய வியாபாரம் என்பதால் இரண்டு.

"அண்ணி, ஒரு சின்ன விஷயம்" என்றார். குரல் கம்மியிருந்தது. "ஒரு தலையணையை எடுத்துருங்க. மச்சான் பிரிஞ்சு போயிட்டான். திறப்பு விழாவுக்கு என் சம்சாரம் வருவா, சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்க. ரெண்டைப் பார்த்தா அவ அங்கேயே அழுதுருவா."

"கவலைப்படாதீங்க. நான் பார்த்துக்கறேன்."

போனை வைத்தபோது பலகை அவளுக்கு எதிரேதான் இருந்தது. எழுந்து போய் ஓர் அட்டையில் ஒரு வரி எழுதி ஒட்டினால் வேலை முடிந்தது. வாயால் சொல்வது வேலையே இல்லை, அட்டையில் ஏறினால்தான் வேலை என்பது மாமா மகள் வைத்த முதல் விதி. அண்ணி அட்டையைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

இவள் வருவதற்கு முன்னால் இந்த நிறுவனம் எதில் நடந்தது? என் வார்த்தையில் நடந்தது. என் வீட்டுக்காரர் என் வார்த்தைக்கு ஒரு வேலை செய்யமாட்டாரா? செய்கிறாரா இல்லையா, பார்த்துவிடுவோமே. இப்படித்தான் அவள் மனம் கணக்குப் போட்டது.

அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "மெத்தைக்காரர் பேசினார். ஒரு தலையணையை எடுத்துடணுமாம். மச்சான் பிரிஞ்சுட்டாராம்."

பெரியவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். மனம் பால் கம்பெனியில் இருந்தது. "ம்."

"கேக்குதா?"

"கேக்குது. ஆச்சுன்னு வச்சுக்கோ."

அந்த வார்த்தை எப்படிப்பட்டது என்று உலகத்தில் யாரையும்விட அவளுக்குத்தான் தெரியும். தெரிந்தும், அன்று அதைக் கேட்டதும் அவளுக்கு மனம் குளிர்ந்தது.

அதன் பிறகு காலைக் கூட்டம் நடந்தபோதெல்லாம் மாமா மகள் வழக்கம்போலக் கேட்டாள். "மெத்தையில வேற மாற்றம் எதுவும் இருக்கா?" அண்ணி கணவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார், ஒன்றுமில்லை என்பதுபோல. ரகசியமாகச் செய்து முடித்துவிட்டார், நம் இருவருக்குள் மட்டும் வைத்திருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டாவது முறை அப்படி நினைப்பது கொஞ்சம் கடினமாக இருந்தது. மூன்றாவது முறை அவளுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. ஆனால் இப்போது வாயைத் திறந்தால், முன்பே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். மெத்தை அட்டை 'முடிந்தது' பத்திக்கு நகர்ந்தது. சின்னவர் கைதட்டினார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் கடைக்கு மேலே பெயர்ப் பலகை ஏறியது. கொஞ்ச நேரத்தில் அலுவலக போன் அடித்தது. மாமா மகள் எடுத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் அறைக்கு நடுவில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டது.

"பலகை வச்சு வேலை பார்க்கறாங்களாம் பலகை. போன வாரமே சொன்னேன். ரெண்டு தலையணையும் என் தலைக்கு மேல தொங்குது. நாளைக்கு என் சம்சாரத்துக்கு நீயா பதில் சொல்வே?"

பதில் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. மாமா மகள் நிறம் மாறி நின்றாள். பலகையிடம் போய் மேலிருந்து கீழே பார்த்தாள், கணினியிலும் பார்த்தாள். "போன வாரம் சொன்னாராம். என்கிட்ட எதுவும் வரல. நான் எங்கயோ விட்டுட்டேனா?" அவளுடைய குரல் உடைந்தது. "நான் விட்டிருந்தா இந்தக் கடை போனதுக்கு நான்தான் பொறுப்பு. அத்தான், நான் இதோட நிறுத்திக்கறேன். வந்த இடத்துல உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

அண்ணி ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அவள் தானாகவே போகிறேன் என்கிறாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பலகையும் போய்விடும், மஞ்சள் அட்டையும் போய்விடும்.

"என்கிட்டதான் சொன்னார்" என்றார் பெரியவர் திடீரென்று. "நான்தான் மறந்துட்டேன்."

அண்ணி திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. அப்போதுதான் அவருக்குச் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்திருக்கிறது என்பது அவர் காது சிவந்திருந்ததில் தெரிந்தது.

மாமா மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அத்தான், உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அவர்கிட்ட உங்க நம்பரே இல்ல. நீங்க எடுக்கவே மாட்டேங்கறீங்கன்னு எப்பவோ அழிச்சுட்டார். என்கிட்டயே சொல்லியிருக்கார்."

சின்னவர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். தனக்காகப் பொய் சொல்லிப் பிடிபட்டு நிற்கும் கணவரை அண்ணியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மற்றதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

"என்கிட்ட சொன்னார்" என்றாள். "என் போனுக்கு வந்தது. நான் இவர்கிட்ட வீட்டுல வாயால சொன்னேன். அட்டை எழுதல. மறந்து எழுதாம விடல. வேணும்னேதான் எழுதல."

ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தாள். அதற்கு ஒரு பதிலும் தயார் செய்துகொண்டாள். மாமா மகள் அவளை ஒரு கணம் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்ட பார்வை அது. அதில் வெற்றியும் இல்லை, கோபமும் இல்லை. பிறகு வழக்கமான குரலில் கேட்டாள்.

"சரி அக்கா. இப்ப என்ன செஞ்சா நாளைக்குள்ள சரியாகும்?"

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். இந்தக் குரலுக்குத்தான் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார் என்று அண்ணிக்கு அப்போது விளங்கியது. விளங்கியதும் வயிறு இன்னும் எரிந்தது.

பெரியவர் தாளை இழுத்து வரையத் தொடங்கியிருந்தார். "தலையணையைக் கழட்டிடலாம். திருகு போட்ட ஓட்டை நாலு தெரியும். ஓட்டைமேல நாலு நட்சத்திரம் வெட்டி ஒட்டிடுவோம். ஒரு தலையணை, மேல நட்சத்திரம். ராத்திரி மாதிரி இருக்கும்."

"முதல்லயே இப்படித்தான் இருந்திருக்கணும்" என்றார் சின்னவர். "வேலை கெட்டாதான் எங்கண்ணனுக்கு மூளை திறக்குது."

"நான் கடைக்குப் போறேன்" என்றாள் அண்ணி. "அவர் திட்டினா என்னைத் திட்டட்டும்."

"நானும் வரேன்" என்றார் பெரியவர்.

பிற்பகலில் கடை வாசலில் ஏணி சாத்தப்பட்டது. பெயர்ப் பலகைக்காரர் மேலே ஏறி இரண்டாவது தலையணையின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். மெத்தைக் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நடைபாதையில் நின்றார். அண்ணி அவரிடம் சுற்றிவளைக்காமல் தவறு தன்னுடையது என்று சொன்னாள். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக ஏறியபோது அவர் கழுத்தை வளைத்துப் பார்த்தார்.

"நட்சத்திரத்தை நான் கேக்கவே இல்லையே" என்றார்.

"பிடிக்கலைன்னா எடுத்துடலாம்" என்றார் பெரியவர்.

"எடுங்கன்னு யார் சொன்னா? இருக்கட்டும்." பிறகு அண்ணியைப் பார்த்தார். "வருஷ வேலையைப் பத்தி நாளைக்கு விழா முடியட்டும், பேசுவோம். ஒண்ணு சொல்லுங்க. உங்ககிட்ட சொன்னா போதும்னு இத்தனை நாள் நினைச்சிருந்தேன். இனிமே யார்கிட்ட சொல்லணும்?"

கேள்வி எளிமையானதுதான். பதில்தான் அவளுக்குச் சுலபமாக இல்லை. "ஆபீஸ் நம்பருக்குச் சொல்லுங்க. அங்க எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி இருக்கா. அவகிட்ட சொன்னா எங்க எல்லார்கிட்டயும் சொன்ன மாதிரி."

'எங்க வீட்டுப் பொண்ணு' என்று எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

கணவனும் மனைவியும் வண்டியின் பின்கதவைத் திறந்து அதன் விளிம்பில் உட்கார்ந்தார்கள். நடுவில் கழற்றிய தலையணை இருந்தது. மேலே கடைசி நட்சத்திரத்துக்குப் பசை காய்ந்துகொண்டிருந்தது.

"நான் சொன்னதை ஏன் செய்யல?" என்று கேட்டாள் அண்ணி. கத்தவில்லை, களைத்திருந்தாள்.

"காதுல விழுந்துது. மனசுல இறங்கல" என்றார் அவர். "நீ சாப்பிடறப்போ ஏழெட்டு வேலை சொல்றே. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு ஆச்சு சொல்லிப் பழகிட்டேன்."

"அவகிட்ட மட்டும் தொடங்கலைன்னு சொல்ல வருது."

அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். "நீ கேட்டியா?"

"கதவு திறந்திருந்துது."

"அவகிட்ட சொல்றது சுலபம்" என்றார் கொஞ்சம் யோசித்து. "அவ கோவிச்சா எனக்கு என்ன? சரி போன்னு போயிடுவேன். நீ முகத்தைத் திருப்பிக்கிட்டா எனக்கு அன்னைக்குச் சாப்பாடு இறங்காது. அதனாலதான் உன்கிட்ட எப்பவும் முடிஞ்சதாவே சொல்லிடறேன். அப்புறம் முடிக்க ஓடறேன். முடிய மாட்டேங்குது."

இதைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்வதா, வருத்தமாக எடுத்துக்கொள்வதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"அவகிட்டயும் சொல்லாதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். கேட்கும்போதே தன் குரலில் இருந்த ஆசை அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஒண்ணு இருக்கு."

"என்ன?"

"நீ கோவிப்பே."

"கோவிக்க மாட்டேன்."

"கோவிச்சா?"

"ஏணி இருக்கில்ல. மேல ஏறி உட்கார்ந்துக்கங்க."

அவர் சிரித்தார். பிறகு தலையணையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார். "தேதி. போன்ல அவங்ககிட்ட தேதியைக் குடுத்துட்டுத்தான் நீ என்கிட்ட வந்து சொல்றே. இதுக்கு எத்தனை நாள் வேணும்னு ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்ல. பாதி வேலை என் மேசைக்கு வர்றப்பவே லேட்டா வருது. தொடங்கறப்பவே தோத்துட்ட மாதிரி இருக்கும். அதனாலயே தொடங்க மாட்டேன்."

கோபம் கிடுகிடுவென்று ஏறியது. நான் தேதி கொடுக்காவிட்டால் வேலை கொடுப்பவன் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான், அப்புறம் நீங்கள் எதை வரைவீர்கள் என்று நாக்கின் நுனிவரை வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கோவிக்க மாட்டேன் என்று ஏணியைக் காட்டியவள் அவள்தான்.

"இதை அவ கண்டுபிடிக்கலையா?" என்றாள் கடைசியில். "பலகையைப் பார்த்தாலே தெரியுமே."

"கண்டுபிடிச்சா. தேதியெல்லாம் வேலையைவிடச் சின்னதா இருக்கே, யார் வைக்கறாங்கன்னு கேட்டா. திரும்பத் திரும்பக் கேட்டா. நான்தான் வைக்கறேன், எனக்குக் கணக்கு வராதுன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் இதென்ன கேள்வி என்பதுபோல அவளைப் பார்த்தார். "உன்னைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட எப்படிக் குறை சொல்றது?"

மேலே பலகைக்காரர் துணியால் நட்சத்திரத்தை அழுத்தித் துடைத்தார். அண்ணி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குத்தியது குத்தியபடியே இருந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் அந்தக் குத்தலோடு சேர்த்து வேறொன்றும் அவளிடம் வந்திருந்தது. அது சன்னலோரத்தில் நின்றவளுக்குக் கிடைக்கவில்லை.

"இனிமே உங்களைக் கேட்டுட்டுத் தேதி குடுக்கறேன்" என்றாள். "நான்தான் இத்தனை நாள் குடுத்தேன்னு அவகிட்டயும் நானே சொல்லிடறேன்."

"இப்பவே போன் பண்ணிச் சொல்லேன். பாவம், அந்தத் தேதிக் கணக்கு ஏன் சரியா வரலைன்னு மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா."

"குடைஞ்சுக்கட்டும்" என்றாள் அண்ணி. "நாளைக்குச் சொல்றேன். இன்னைக்கு ஒரு சாயங்காலம் அது எனக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டும்."

அவருக்குப் புரியவில்லை. புரியாமலே சரி என்றார்.